பொத்தான் பெட்டி: ட்ராகன் போல் ஃபைட்டர்ஸ் விளையாட வன்னியில் செய்யக்கூடிய கொன்ட்ரோலர்

ட்ராகன் போல் ஃபைட்டர்ஸ் ஓடும் வீட்டில் கேம்பாட் பழுதானால் திறந்து பார்க்கத் தேவையில்லை. திசைக் கட்டையின் கீழ்ப்பக்கமும் வலப்பக்கமும்தான் போயிருக்கும். ஆர்க் சிஸ்டம் வேர்க்ஸ் செய்து, பண்டாய் நம்கோ 2018 ஜனவரியில் வெளியிட்ட இந்த விளையாட்டில் விசேட அடிகளில் பெரும்பகுதி கால்வட்டம்: கீழ், கீழ்-முன் சாய்வு, முன், அதோடு ஓர் அடிப் பொத்தான். ஒரு மணித்தியாலம் பயிற்சி செய்தால் நூற்றுக்கணக்கான தரம் அதே இரண்டு பக்கமும் அமுங்கும். கட்டைக்குக் கீழே கிடப்பது கரி பூசிய இறப்பர். கரி தேய்ந்ததும் தொடுகை விட்டு விட்டு வரும். பென்சில் கரி பூசினால் சில நாள் ஓடும். அலுமினியத் தாள் வெட்டி ஒட்டினால் அழுத்தாமலே தொட்டுக்கொண்டு நிற்கும், வீரர் தன்பாட்டில் குந்தியிருப்பார். அந்தந்த மொடலுக்கான மாற்று இறப்பர் கடையில் கிடைப்பது அதிஷ்டம்.

இந்தப் பதிவு அந்த இறப்பரைத் திருத்துவது பற்றியது அல்ல, அதைத் தூக்கிப் போடுவது பற்றியது. கட்டையும் இல்லாமல் லீவரும் இல்லாமல், நான்கு திசைக்கும் நான்கு தனிப் பொத்தான் வைத்த பெட்டி. ஒரு பொத்தான் பழுதானால் அந்த ஒன்றைக் கழற்றி வேறொன்றைத் தள்ளினால் காணும். லீவர் வைத்த பெட்டியும் செய்யலாம், கை பழகவும் சுகம். ஆனால் லீவருக்குள் சுருள்வில், தடுப்புச் சட்டம், நான்கு சுவிச் என்று உதிரிப்பாகம் கூட. அதில் ஒன்று உடைந்தால் கொழும்பிலிருந்து பார்சல் வரும்வரை பெட்டி சும்மா கிடக்கும்.

வேண்டியவை

மூளைக்கு ராஸ்பெரி பை பைக்கோ என்ற சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் ஒன்று, ஆர்பி2040 சிப் வைத்த முதல் மொடல். பொத்தான்கள்: 24 மி.மீ. கவ்வுப் பொத்தான் 11, 30 மி.மீ. ஒன்று, பட்டியல் திறக்க 12 மி.மீ. சின்னத் தள்ளுசுவிச் 2. சன்வா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் வகைப் பொத்தானுக்கு 2.8 மி.மீ. அகல முனையம் பொருந்தும். மலிவான மைக்ரோசுவிச் வைத்த பொத்தானுக்கு 4.8 மி.மீ. வேண்டும். இரண்டையும் மாற்றி வாங்குவதுதான் பார்சல் பிரித்ததும் வரும் முதல் ஏமாற்றம். 24 பொத்தான் முனையம் வேண்டும், நசுக்கும்போது வீணாகிறதையும் சேர்த்து 30 எடுங்கள்.

இணையத்தில் விற்கும் ‘ஸீரோ டிலே’ போர்ட் வைத்த மலிவுக் கிட்டை வாங்கவேண்டாம். பெயரில் மட்டும்தான் தாமதம் பூச்சியம். அது கணினிக்குப் பழைய ஜாய்ஸ்டிக்காகவே தெரியும், இந்த விளையாட்டுக்கோ எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் போலத் தெரிந்தால்தான் வசதி. பைக்கோவில் ஜிபி2040-சிஇ என்ற இலவச மென்பொருளை ஏற்றினால் தாமதம் 1 மில்லிசெக்கனுக்கும் குறைவு.

வயருக்குப் பழைய லான் கேபிளை உரிப்பது எல்லோருக்கும் முதலில் வரும் யோசனை. அது பெரும்பாலும் ஒற்றைக் கம்பி. இரண்டு மூன்று தரம் வளைத்தால் ஈயம் வைத்த இடத்தில் முறியும். பழைய மொனிட்டர் கேபிளை உரித்தால் உள்ளே மெல்லிய பல இழை வயர் நிறத்துக்கொன்றாக வரும், அதுதான் இதற்குச் சரி.

மேல்தட்டுக்கு கிளாடிங் சீற், அதாவது இரண்டு மெல்லிய அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த தட்டு. அலுமினிய யன்னல், கதவு பொருத்துகிற எந்தக் கடையிலும் வெட்டித்துண்டு கிடக்கும். 3 மி.மீ. கிடைத்தால் நல்லது, 4 மி.மீ. விளிம்பில் நிற்கும். கவ்வுப் பொத்தானின் இரு பக்கச் சிறகும் அதற்கு மேல் தடித்த தட்டைக் கவ்வாது. 12 மி.மீ. பிளைவூட்டில் துளை போட்டுவிட்டு பொத்தான் ஏன் மேலே வருகிறது என்று பசை தேடுவது வீண்வேலை. மரத்தட்டுத்தான் வேண்டுமென்றால் மரை போட்டு இறுக்கும் பொத்தானாக வாங்க வேண்டும்.

அச்சும் துளையும்

தட்டை ஏ4 அளவிலேயே, 297க்கு 210 மி.மீ. என்று வெட்டுவித்தால், பொத்தான் இடங்களை வரைந்த அச்சுத்தாளை அப்படியே மேலே ஒட்டலாம். பொத்தான் தலையின் விளிம்பை வேர்னியரில் அளந்து அதோடு 2 மி.மீ. கூட்டுங்கள். அதுதான் மையத்துக்கு மையம் இருக்கவேண்டிய தூரம். அதைவிட நெருக்கினால் இரண்டு பொத்தானின் விளிம்பும் ஒன்றையொன்று முட்டி ஒன்று சரிந்து உட்காரும், சரிந்தது அமுங்கினால் எழும்பாது.

தாளின் ஓரத்தில் சரியாக 100 மி.மீ. நீளக் கோடொன்று வரைந்து வையுங்கள். போட்டோக்கொப்பிக் கடையில் பிரின்ட் எடுக்கும்போது ‘தாளுக்குள் அடக்கு’ என்ற தெரிவு பெரும்பாலும் போட்டபடியே இருக்கும், படம் சுருங்கி வரும். கண்ணுக்குத் தெரியாது. கடையை விட்டு வெளிக்கிடமுதல் அந்தக் கோட்டில் அடிமட்டத்தை வைத்துப் பாருங்கள்.

இடது கைக்கு மூன்று 24 மி.மீ. பொத்தான்: மோதிரவிரலுக்கு இடம், நடுவிரலுக்குக் கீழ், சுட்டுவிரலுக்கு வலம். நேர்கோட்டில் வைக்காமல் விரல் நீளத்துக்கேற்ப நடுவிலுள்ளதைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள். வலது கைக்கு நாலு நாலாக இரண்டு வரி. 30 மி.மீ. பெரியது மேலே பாய்வதற்கு, இரு கைப் பெருவிரலும் எட்டக்கூடியதாக நடுவில், கீழே. பட்டியல் சுவிச் இரண்டையும் பெட்டியின் பின்பக்கச் சட்டத்தில் வைக்கவேண்டும். முன்னுக்கு வைத்தால் சண்டை நடுவே கை பட்டு ஆட்டம் நிற்கும். போட்டியில் அப்படி நிறுத்தினால் தண்டனை உண்டு.

துளைக்கு 24 மி.மீ. வட்டவாள் அகப்படாவிட்டால் 25ஐ வாங்காதீர்கள். வட்டவாள் தன் அளவைவிடக் கொஞ்சம் கூடத்தான் வெட்டும். 25 என்றால் பொத்தான் கலகலத்துச் சுற்றும். 22 மி.மீ. வட்டவாளால் வெட்டி அரைவட்ட அரத்தால் சுற்றிவர ராவுங்கள். பொத்தானை அடிக்கடி வைத்துப் பார்த்து, இறுக்கமாக உள்ளே போகிற நேரத்தில் நிறுத்துங்கள். கிளாடிங் சீற்றுக்குக் கீழே பழைய பலகையொன்றை வைத்து இரண்டையும் சேர்த்து இறுக்கி, மெசினை மெதுவாக ஓட்டவேண்டும். வேகம் கூடினால் நடுவிலுள்ள பிளாஸ்டிக் உருகி வாளின் பல்லை அடைக்கும், மேல் அலுமினியம் கிழிந்து விளிம்பு கத்தியாகும். அரத்தால் விளிம்பை முறிக்காமல் பொத்தானைத் தள்ளினால் சிறகு சீவப்படும், பிறகு அது கவ்வாது.

சட்டத்துக்கு தச்சுப் பட்டறைக் கழிவுத்துண்டு போதும். வேம்பு இலேசாக வேலை செய்யலாம், பூச்சியும் அண்டாது. முதிரை பாரம். மடியில் வைத்தால் அசையாது, மேசையில் வழுக்காது, அதனால் அதுதான் எங்கள் தெரிவு. ஆனால் முதலில் மெல்லிய துளை போடாமல் ஆணியை முறுக்கினால் நுனியில் வெடிக்கும். பனஞ்சலாகையை விட்டுவிடுங்கள், வைரம் ஏறிய நார் துளைவாயில் பிய்ந்துகொண்டு வரும். உள் உயரம் 40 மி.மீ. இருந்தால் வயர் மடங்காமல் கிடக்கும். அடிக்கு 6 மி.மீ. பிளைவூட், நான்கு ஆணி. கால்களுக்குப் பழைய செருப்பை வட்டமாக வெட்டி ஒட்டினால் சீமெந்துத் தரையில்கூட வழுக்காது.

வயர்: பழுதுகள் பிறக்கும் இடம்

தத்துவம் எளிது. ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு கால். ஒரு கால் பைக்கோவின் தனக்குரிய கால்முளைக்கு, மற்றது கிரவுண்டுக்கு (எல்லாப் பொத்தானுக்கும் பொதுவான மறைமுனை). அழுத்தினால் கிரவுண்டோடு தொடும், அவ்வளவுதான். தடை, கொள்ளளவி ஒன்றும் வேண்டாம். மேலே இழுக்கும் தடை சிப்புக்குள்ளேயே இருக்கிறது.

ஜிபி2040-சிஇயின் இயல்பு ஒழுங்கு இது (ஜிபி என்பது பைக்கோவின் உள்ளீட்டுக் கால்களுக்கு இட்ட பெயர்): ஜிபி 2 மேல், 3 கீழ், 4 வலம், 5 இடம். கீழ்வரி அடிப் பொத்தான்கள் இடமிருந்து வலமாக 6, 7, 8, 9. மேல்வரி 10, 11, 12, 13. பட்டியல் சுவிச் 16, 17. இதில் இரண்டு பொறி உண்டு. முதலாவது, 4 வலம், 5 இடம். கை பழக்கத்தில் ‘இடம், வலம்’ என்று எல்லோரும் மாற்றிப் பூட்டுவார்கள். மாறினால் ஈயத்தை உருக்கவேண்டாம், மென்பொருளில் மாற்றலாம். இரண்டாவது, ஜிபி இலக்கமும் போர்டின் கால் இலக்கமும் ஒன்றல்ல. ஜிபி 2 என்பது போர்டில் 4ஆவது கால், ஜிபி 6 என்பது 9ஆவது கால். இடையிடையே வரும் 3, 8, 13, 18, 23ஆம் கால்கள் கிரவுண்ட். எண்ணிக்கொண்டு போகும்போது அவற்றைத் தாண்ட மறந்தால் அதற்குப் பின்னால் எல்லாம் ஒரு கால் தள்ளிப் போகும். 36இலிருந்து 40 வரையுள்ள மூலையில் 38 மட்டுந்தான் கிரவுண்ட், மற்றவை மின்வழங்கல் சம்பந்தப்பட்டவை. அங்கே கைவைக்க ஒரு தேவையுமில்லை.

கிரவுண்டுக்கு 14 வயரைத் தனித்தனியே இழுப்பது மடத்தனம். ஒரே வயரில் விட்டு விட்டு உரித்து, முனையம் நசுக்கி, பொத்தானிலிருந்து பொத்தானுக்குச் சங்கிலியாகக் கொண்டுபோங்கள். எல்லோரும் சங்கிலியின் ஒரு நுனியை மட்டும் பைக்கோவில் பூட்டிவிட்டு விடுவார்கள். நடுவில் ஓரிடத்தில் வயர் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள அத்தனை பொத்தானும் ஒன்றாகச் சாகும். கடைசி நுனியையும் திருப்பிக் கொண்டுவந்து இன்னொரு கிரவுண்ட் காலில் பூட்டி வளையமாக்குங்கள். அரை மீற்றர் வயர்தான் கூடச் செலவு. ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றப் பக்கத்தால் கிரவுண்ட் வரும்.

பழுது பார்க்கும் சூத்திரமும் இதிலிருந்தே வருகிறது. ஒரே ஒரு பொத்தான் வேலை செய்யவில்லையென்றால் அதன் தனி வயர், முனையம் அல்லது அந்தப் பொத்தான். பக்கத்துப் பக்கத்துப் பொத்தான்கள் கூட்டமாக நின்றால் கிரவுண்ட். ஒரு பொத்தான் அழுத்தாமலே அழுந்தியபடி காட்டினால் முனையத்தின் வெறும் உலோகம் பக்கத்து முனையத்தில் முட்டுகிறது. ஒன்றை அழுத்த இரண்டு விழுந்தால் பைக்கோவில் இரண்டு கால்களுக்கிடையே ஈயம் பாலம் கட்டியிருக்கிறது.

ஈயம் வைக்கும்போது கிரவுண்ட் கால்கள் மற்றவற்றைவிட மெதுவாகச் சூடாகும். போர்டின் செப்புத்தளம் முழுவதும் அந்தச் சூட்டை உறிஞ்சுகிறது. மற்றக் கால்களுக்கு வைத்த அதே நேரம் இதற்கும் வைத்தால் ஈயம் மேலே உருண்டையாக நிற்கும், ஒட்டியிருக்காது. இன்னும் இரண்டு மூன்று செக்கன் பிடியுங்கள். ஈயம் தானாகத் துளைக்குள் இறங்கிப் பளபளவென்று சரிவாகப் படியவேண்டும். விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், 25 வாட் கருவியின் நுனிக்கு விசிறிக் காற்றே போதும் குளிர.

யூஎஸ்பி வயரைப் பைக்கோவின் வாயில் நேரே மாட்டி வெளியே விடாதீர்கள். யாராவது கால் தடக்கி இழுத்தால் அந்தச் சின்ன வாய் போர்டிலிருந்து பிய்ந்து வரும், அதோடு போர்ட் முடிந்தது. வயரைச் சட்டத்தின் துளையால் எடுத்து, உட்பக்கமாக ஒரு முடிச்சுப் போட்டு, பட்டியால் மரத்தோடு கட்டுங்கள்.

மென்பொருள்

பைக்கோவில் உள்ள ஒரேயொரு பொத்தானை அழுத்தியபடி கணினியில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும். ஜிபி2040-சிஇ பதிவிறக்கப் பக்கத்தில் பைக்கோவுக்குரிய யூஎஃப்2 ஃபைலை எடுத்து அதற்குள் போட்டால் தானாக மறுதொடக்கமாகும். ஒன்றும் தெரியவில்லையென்றால் போர்டைச் சந்தேகிக்கமுதல் கேபிளை மாற்றுங்கள். போன் சார்ஜரோடு வந்த பல கேபிள்களில் தரவு வயரே இல்லை.

ஜிபி 17இல் பூட்டிய சுவிச்சை அழுத்தியபடி செருகி, உலாவியில் 192.168.7.1 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். இணையம் தேவையில்லை, பக்கம் பைக்கோவுக்குள்ளேயே இருக்கிறது. உள்ளீட்டு முறையை எக்ஸ்இன்புட் ஆக்குங்கள், அதுதான் எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் போலத் தெரியவைக்கும் முறை. எதிரெதிர்த் திசை விதியில் நடுநிலையைத் தெரியுங்கள். அப்போது இடமும் வலமும் ஒன்றாக அழுந்தினால் இரண்டும் இல்லை என்று போகும். லீவரில் அப்படியொன்று நடக்கவே முடியாது, பொத்தானில் விரல் வேகத்தில் நடந்துகொண்டேயிருக்கும். பிஎஸ்4இல் மாட்ட நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கீகாரம் இல்லாமல் 8 நிமிடத்தில் தொடர்பு அறும். கணினிதான் இதற்கு வீடு.

விளையாட்டுக்குள் மேல்வரியின் முதல் மூன்றையும் எல், எம், எச் (இலேசான, நடுத்தர, பலமான அடி) ஆக்கி, எல்லுக்கு நேர் கீழே எஸ் (விசேட அடி) வைத்து, மிச்சத்தில் இரண்டு உதவி வீரர்களையும் வைப்பது விரலுக்கு வசதி. எல்லும் எம்மும் சேர்ந்தால் எதிரியின் தடுப்பை உடைக்கும் ட்ராகன் ரஷ், எம்மும் எச்சும் சேர்ந்தால் எதிரியின் முதுகுப்பக்கம் மறைந்து தோன்றும் அடி, அதற்கு ஒரு கீ (வீரரின் சக்தி) பட்டை செலவு. இரண்டு சோடியும் பக்கத்துப் பக்கத்து விரலில் விழும். எச்சும் எஸ்ஸும் சேர்ந்த, எதிரியை நோக்கிப் பறந்து பாயும் சூப்பர் டாஷுக்கு மட்டும் மோதிரவிரலும் பெருவிரலும். கை சின்னவர்கள் மிஞ்சிய பொத்தான் ஒன்றுக்கு அதைத் தனியே கொடுத்துவிடலாம்.

இனிக் கால்வட்டம். கட்டையில் உருட்டிப் பழகியவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பயிற்சிக் களத்தில் உள்ளீட்டுக் காட்சியைத் திறந்து, சூப்பர் சையன் கோக்குவை எடுத்து, காமேகாமேகாவுக்குரிய கால்வட்டம்-எஸ்ஸைப் போட்டுப் பாருங்கள். கீழை அழுத்து, விடாதே. வலத்தை அழுத்து, இப்போது இரண்டும் சேர்ந்து சாய்வு அம்பு விழும். கீழை மட்டும் விடு, நேர் அம்பு விழும். அதே நேரம் எஸ். திரையில் மூன்று அம்பும் வரிசையாகத் தெரியவேண்டும். சாய்வு அம்பு இல்லாமல் நடுவில் வெறுமை தெரிந்தால் வலம் வரமுதல் கீழ் விடுபட்டுவிட்டது. சாய்வோடு முடிந்து நேர் அம்பு இல்லையென்றால் கீழை விடப் பிந்திவிட்டது, கோக்கு குந்தியபடி அடிப்பார். அனேகமானோருக்கு இரண்டாவதுதான் பிழை. மெதுவாக, அம்பு பார்த்து, பத்துத் தரம் தொடர்ந்து சரியாக வந்தபிறகு மறுபக்கம் மாறி இடப்பக்கமாகச் செய்யுங்கள். இடப்பக்கம் மோதிரவிரலின் வேலை, அது பிந்தித்தான் பழகும்.

தாமதம் யாருடையது

பெட்டி செய்து முடித்தும் அடி பிந்துகிறது என்றால் பெட்டியில் தேடாதீர்கள். முதலில் ரீவியில் கேம் மோட் போடுங்கள். அடுத்து விண்டோஸில் திரையின் புதுப்பிப்பு வேகம் 60 ஹேர்ட்ஸா என்று பாருங்கள். எச்டிஎம்ஐயில் மாட்டினால் சில ரீவிகள் 50இல் நிற்கும். விளையாட்டு செக்கனுக்கு 60 படத்தில் ஓடுவது, 50இல் காட்டினால் உதறும். மூன்றாவது, கணினி 60ஐப் பிடிக்க முடியாமல் போனால் இந்த விளையாட்டு படத்தைத் தாண்டி ஓடாது, முழுச் சண்டையும் மெதுவாகும். குறைந்த தேவையாக ஐ5-3470, 4 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 650 டிஐ என்றுதான் போட்டிருக்கிறார்கள், பழைய ஒஃபிஸ் கணினியில் அப்படியொரு கிராஃபிக்ஸ் கார்ட் போட்டால் போதும். ஆனால் பின்னேரம் தகரக் கூரைக்குக் கீழே, காய்ந்துபோன வெப்பப் பசையோடு அதே புரொசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக ஓடி மத்தியானம் மெதுவானால் பசையை மாற்றுங்கள், தூசியைத் தட்டுங்கள்.

அளந்தே பார்க்க வேண்டுமென்றால் போனில் செக்கனுக்கு 240 படம் எடுக்கும் மெதுவீடியோ காணும். விரலும் திரையும் ஒன்றாகத் தெரியப் பிடித்து, பொத்தான் அடியைத் தொட்ட படத்திலிருந்து வீரர் அசையும் படம்வரை எண்ணுங்கள். நான்கு படம் ஒரு விளையாட்டுப் படத்துக்குச் சமம். கேம் மோட் போட்டும் போடாமலும் பத்துப் பத்துத் தரம் எண்ணினால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

இணையத்தில் ஆடுபவர்களுக்கு 2024 பெப்ரவரியில் கணினிப் பதிப்புக்கு ரோல்பாக் (எதிரியின் அசைவை ஊகித்து ஓட்டி, பிழைத்தால் பின்னோக்கித் திருத்தும் இணைய முறை) வந்தது பெரிய ஆறுதல். அதற்கு முன்னர் 4ஜி ரவுட்டரில் ஆடுவது சேற்றுக்குள் நடப்பது போல. இப்போதும் ரவுட்டரிலிருந்து கணினிக்கு வயர் இழுக்கவேண்டும், வைஃபையின் துடிப்பு ரோல்பாக்கையும் குழப்பும்.

கை கூசினால்

அலுமினியத் தட்டில் கை வைக்கும்போது விர்ரென்று கூசினால் விளையாட்டை நிறுத்துங்கள். பெட்டிக்குள் வருவது 5 வோல்ட் மட்டும், அது கூசாது. காரணம் கணினியின் மின்வழங்கி. அதன் வடிகட்டிக் கொள்ளளவிகள் எர்த்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. மூன்று முளைச் செருகியை இரண்டு முளை அடப்டரில் மாட்டினால், அல்லது வீட்டில் எர்த் கம்பியே இல்லையென்றால், 230 வோல்ட்டின் பாதியளவு கணினியின் உலோக உடம்பில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது. ஆனால் அது யூஎஸ்பி வயரின் கவசம் வழியாக எங்கே உலோகம் தொடுகிறதோ அங்கே வரும். உலோக யூஎஸ்பி வாயைத் தட்டிலேயே ஆணி போட்டு இறுக்கியவர்களுக்குத்தான் இது முதலில் வரும். வயரை மரச் சட்டத்தால் எடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்காகக் கூச்சத்தை மட்டும் மறைத்துவிட்டு இருக்கக்கூடாது, எர்த் இல்லாத வீட்டில் ட்ரிப் சுவிச்சும் நேரத்துக்கு வேலை செய்யாமல் போகலாம். மின்பணியாளரைக் கூப்பிட்டு எர்த் கம்பியைச் சோதிப்பியுங்கள். ஆடி, ஆவணியில் நிலம் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போது கம்பி இருந்தும் பயனில்லாமல் போவதுண்டு. கிணற்றடி, வாழையடி போல ஈரம் நிற்கும் இடத்தில் கம்பி இறங்கியிருந்தால் இந்தக் கரைச்சல் குறைவு.

காலம் பார்த்துக் கவனிப்பு

சோளகம் வீசும் மாதங்களில் செம்மண் தூசி பொத்தான் விளிம்பால் இறங்கும். அமுக்கும்போது நறநறக்கும், பிறகு மெதுவாக எழும்பும். சிறகை அமுக்கிப் பொத்தானைக் கழற்றி, உலர்ந்த தூரிகையால் தட்டினால் காணும். எண்ணெய் விடவேண்டாம், எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் களி. விளையாடாத நேரம் ஒரு துணி போட்டு மூடுவது எல்லா வைத்தியத்தையும்விட நல்லது. வாடைக் காலத்தில் முனையங்கள் பச்சை பிடிக்கும், முல்லைத்தீவுக் கரையோரம் என்றால் இன்னும் கெதியாக. கார்த்திகையில் ஒருமுறை அடிப்பலகையைத் திறந்து ஒவ்வொரு முனையத்தையும் கழற்றித் திருப்பிச் செருகுங்கள், அந்த உரசலே பச்சையைச் சுரண்டிவிடும். திறக்கும்போது எறும்பு முட்டையோடு குடியிருந்தால் அதிசயமில்லை. யூஎஸ்பித் துளையைச் சுற்றி உள்ள இடைவெளியைச் சைக்கிள் டியூப் துண்டால் அடையுங்கள்.

மூடுமுன் அடிப்பலகையின் உட்பக்கம் எந்த நிற வயர் எந்தக் காலுக்கு என்று பேனையால் எழுதி, மேலே செலோடேப் ஒட்டுங்கள். பக்கத்திலேயே ஒரு சின்னப் பையில் 24 மி.மீ. பொத்தான் இரண்டும் முனையம் நாலும்.